ஒரு கால் முன்னாடி, ஒரு கால் பின்னாடி

இல்லக்கா, நீங்க உக்காருங்க. எனக்கு சீட்டு வேணாம். இடம் இருக்குது, தெரியுது, கண்ணு நல்லாத்தான் இருக்குது. உக்காந்தா தொடை இறுகிப்போயிடும். காட்பாடி வரைக்கும் நின்னுகினேதான் வரப்போறேன். இந்தப் பையை மட்டும் கொஞ்சம் மடியில வெச்சுக்கறீங்களா? பாத்து, கனமா இருக்கும். உள்ள ஷூ. வெயிட் தூக்கறவங்க போடறது, குதிகால்ல கட்டை வெச்சிருக்கும்.

வேணாங்கா. வேர்க்கடலை வேணாம். ஒண்ணே ஒண்ணு கூட வேணாம். அந்தப் பொட்டலத்த கொஞ்சம் மூடி வெச்சுக்கினா புண்ணியமாப் போவும், வாசனை வருது. கோவமா சொல்லலக்கா, என் தொண்டையே இப்படித்தான். நேத்துல இருந்து சாப்படல, தண்ணி கூட வாய் நனைக்கத்தான். மூணு மணிக்கு எடை பாப்பாங்க. அம்பத்தொம்போது கிலோவுக்கு மேல ஒரு கடலை எடை ஏறினாலும் வூட்டுக்குப் போன்னுடுவாங்க. அதுக்கப்புறம் நாலு மணிக்கு ஒரே ஒரு தடவ தூக்கணும். தூக்கிட்டா ஸ்டேட்டு டீம்ல நானு. தூக்கலன்னா நஸ்ரின். ஜூனியர்ல எனக்கு இதுதான் கடைசி வருஷம், அடுத்த வருஷம் வயசு ஏறிடும்.

அடிக்கட்டும், விடுங்க. போன் எங்கயும் போயிடாது. யாருன்னு தெரியும். தயாளன் மாஸ்டர், எங்க கோச்சு. குடியாத்தத்துல ஏறினதுல இருந்து அடிச்சிகினே கீறாரு. எடுக்க மாட்டேன். எடுத்தா "முடிவு பண்ணிட்டியா"ம்பாரு.

இன்னா முடிவா? அய்ய, அது பெரிய கதைக்கா. நீங்க எதுவரைக்கும் போறீங்க? வேலூரா? அப்பன்னா கேளுங்க, நீங்களே நியாயம் சொல்லுங்க.

வெயிட் தூக்கறது டிவில பாத்திருக்கீங்கல்ல? தரையில கெடக்கிற ராடை நெஞ்சுக்குக் கொண்டாரணும், அது ஒரு பாதி. நெஞ்சுல இருந்து தலைக்கு மேல கொண்டு போவணும், அது மறு பாதி. எங்க சண்டையெல்லாம் அந்த மறு பாதியிலதான். கைதான் தூக்குதுன்னு நெனைக்கிறீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. கை இல்லக்கா, காலு. ராடு மேல போற அந்த ஒரு நொடியில நம்ம சடக்குனு கீழ போயி, அதுக்கு அடியில பூந்துக்கணும். எப்படி பூந்துக்கறது? அதுக்கு ரெண்டே வழிதான்.

ஒண்ணு ஸ்குவாட்டு. அதாவது பஸ்கி. ரெண்டு காலும் சமமா, அப்படியே கீழ உக்காந்து எந்திரிக்கறது. துணி தொவைக்க உக்காருவீங்கல்ல, அந்த மாதிரி, தலைக்கு மேல ராடோட. இன்னொண்ணு ஸ்பிளிட்டு. லன்ஞ்சுன்னு சொல்லுவாங்க. ஒரு கால் முன்னாடி, ஒரு கால் பின்னாடி. சாக்கடைய தாண்டறதுக்கு ஒரு காலை நீட்டி வெச்சுட்டு, "அய்யோ, செருப்பு"ன்னு பாதியில நின்னுட்டா எப்படி இருப்பீங்க? அதான் லன்ஞ்சு.

நீங்களே சொல்லுங்க, எது கெத்தா இருக்குது?

ஸ்குவாட்டுல ரெண்டு காலும் சரிபாதி வேலை செய்யும். லன்ஞ்சுல முன்னங்காலு மொத்த பாரத்தையும் வாங்கிக்கும், பின்னால இருக்கறது விரலை ஊணிகினு வேடிக்க பாக்கும். எங்க வூட்ல நானும் எங்க அண்ணனும் மாதிரி. எங்க நைனாகிட்டயும் இதையேதான் சொன்னேன், செருப்பு எடுத்தாரு. ஸ்குவாட்டுல இன்னொரு லாபமும் கீது. நல்லா கீழ போறதால ராடை அவ்ளோ ஒசரம் தள்ளத் தேவையில்ல. கொஞ்சம் தள்னா போதும், நம்ம கீழ போயிடலாம். கணக்கு எவ்ளோ நேரா இருக்குது பாருங்க! இதைச் சொன்னா மாஸ்டருக்கு மூக்கு மேல கோவம்.

எனக்கு ஸ்குவாட்டு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. ஸ்கூல்ல தோப்புக்கரணம் போட்டுப் போட்டு வந்துச்சு. எதுத்துப் பேசறேன்னு, கேள்வி கேக்கறேன்னு, வாய மூடலன்னு, பீரியடுக்கு ஒரு டீச்சரு காதைப் புடிச்சிகினு போடச் சொல்லுவாங்க. ஏன் போடணும்னு கேப்பேன். அதுக்கு இன்னும் கொஞ்சம். மத்த புள்ளைங்க பத்து போட்டுட்டு அழுவும். நானு போட்டுகினே பேசுவேன். ஒரு நாளு பி.டி. டீச்சரு ஜன்னல்ல நின்னு பாத்துகினே இருந்தாங்க. "இந்தப் பொண்ணுக்கு மூச்சே வாங்கலையே"ன்னு என்னைக் கூட்டிகினு போயி தயாளன் மாஸ்டர்கிட்ட விட்டாங்க. என் வாயில இருந்து வந்த தொடைக்கா இது. அதப் போயி, இது வேணாம், வேற மாதிரி நில்லுன்னா விட்டுருவேனா?

அய்யோ! இன்னாண்ணா பிரேக் இது? ஆட்டு மந்தையா ஏத்திகினு போறீங்க? ஓ, எரும. சரி சரி. எரும வந்தா அடிக்கத்தான் வேணும், அதுக்கு இப்படியா?

நல்லவேள விழல. ஏங்க்கா சிரிக்கிறீங்க? என் காலப் பாத்தா சிரிக்கிறீங்க? செருப்பு பழசுதான், வாரு அறுந்து ஊக்கு குத்தியிருக்கேன். பஸ்ல வரதுக்கு இது போதும்.

இன்னா சொல்லிகினு இருந்தேன்? ஆங், மாஸ்டரு. அவரு இன்னா சொல்றாருன்னா, "சங்கவி, பஸ்கி போடு, தொடைக்கு நல்லது, தினமும் போடு. ஆனா மேடையில ராடு தலைக்கு மேல இருக்கறப்ப அது உனக்கு சரிப்படாது. ரெண்டு காலும் ஒரே கோட்டுல இருந்தா ராடு ஒரு விரல் முன்னப் பின்ன போனாலும் நீ காலி. ஒரு கால் முன்ன, ஒரு கால் பின்ன இருந்தா, ஆடினாலும் நிப்ப." இதான் அவரோட பாட்டு. பிராக்டீஸ் பண்ற செட்டுல ஏறினா இதே பாட்டு. நான் கேட்டேன், "ஏன் மாஸ்டர் ஆடணும்? ஆடாம தூக்கினா?" "ஆடாம தூக்கறவங்க யாருன்னு காட்டு"ன்னாரு. போன்ல வீடியோ காட்டினேன். வெளிநாட்டுக்காரிங்க, ஸ்குவாட்டுலயே பூந்து மலை மாதிரி எந்திரிக்கிறாளுங்க. பாத்தாரு. பாத்துட்டு, "ஆயிரம் பேர்ல ஒருத்திக்கு வரும்"ன்னாரு. அந்த ஒருத்தி நானா இருக்கக் கூடாதுன்னு யாரு முடிவு பண்ணது?

நம்ம காட்பாடி தாண்டிட்டோமா? இல்லல்ல? இது லத்தேரி தானே. மணி இன்னா ஆவுது? ரெண்டேகால். போயிடலாம், போயிடலாம்.

இந்தத் தழும்பு பாத்தீங்களா, தாடையில? இதுவும் அந்த லன்ஞ்சு குடுத்ததுதான். ஸ்பிளிட்டு போடறதுக்கு முன்னாடி எந்தக் கால் முன்னாடி வரணும்னு கண்டுபுடிக்கணுமாம். அதுக்கு மாஸ்டருகிட்ட ஒரு வழி கீது. நம்ம சும்மா நின்னுகினு இருக்கறப்ப பின்னாலருந்து சொல்லாம கொள்ளாம ஒருத்தங்க தள்ளிவுடணும். விழாம இருக்க எந்தக் காலு தானா முன்னாடி போவுதோ அதான் நம்ம காலு. பொம்பளப் புள்ளைங்கள அவரு தொட மாட்டாரு, யாருக்காவது கண்ணைக் காட்டுவாரு. எல்லாரையும் நஸ்ரின்தான் தள்ளுனா. ஒவ்வொருத்தியும் தடதடன்னு ஒரு கால எடுத்து வெச்சாளுங்க. நான் பாத்துகினே இருந்தேன். அடுத்தது நான்னு தெரிஞ்சுபோச்சு. அவ செருப்பு சத்தம் பின்னால வருது. விடுவேனா? ரெண்டு காலையும் தரையில நட்டு வெச்சேன். தள்ளுனா. கால் வெக்கல.

நேரா தாடைல போயி விழுந்தேன். ரத்தமான ரத்தம். தையல் போட்டாங்க.

ஆனா கால் வெக்கல பாத்தீங்களா?

அதோட மாஸ்டரு கையெடுத்துக் கும்பிட்டாரு. "தாயே, உசுரே போனாலும் நீ கால எடுத்து வெக்க மாட்ட. உன்ன இன்னொரு தடவ தள்ள வெச்சு நான் ஜெயிலுக்குப் போவ முடியாது. முக்கால்வாசிப் பேருக்கு இடது கால்தான் முன்ன வருது. நீயும் இடதே வெச்சுக்கோ"ன்னுட்டாரு. ஒரு வருஷமா இடது கால முன்னாடி வெச்சு, அதோ இதோன்னு ஆடிகினு கீறேன். சொன்னேன்ல, எனக்கு லன்ஞ்சு ஒத்து வராது, என் ஒடம்பு ஸ்குவாட்டு ஒடம்புன்னு! இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?

நஸ்ரினா? பேரணாம்பட்டு. என் எடைதான், என் வயசுதான். நல்ல பொண்ணுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அமைதி. மாஸ்டரு சொன்னா சரி மாஸ்டர், அவ்ளோதான். அவளுக்கு ஸ்பிளிட்டு கத்தி மாதிரி போவும். அது பழக்கம்க்கா, பெரிய வித்தையா?

போன ஞாயித்துக்கிழமதான் செலக்சன். மொத தடவ இடது காலு வெச்சு தூக்கினேன். ஆடுச்சு, ஆனா சரின்னு குடுத்துட்டாங்க. ரெண்டாவது தடவ ஆடிகினே முன்னால ஓடி ராடை போட்டுட்டேன். நஸ்ரின் ஒரே ஒரு கிலோ முன்னாடி கீறா. எனக்கு மூணாவது தடவ பாக்கி. அது தூக்கினா நானு. பேரு கூப்புட்டாங்க, "சங்கவி, குடியாத்தம்". கூப்புட்ட ஒடனே ஒரு நிமிஷம் ஓட ஆரம்பிக்கும், அதுக்குள்ள ராடு தரைய விட்டு எழும்பிடணும்.

நான் மேடை கிட்ட போயி திரும்பிச் சொன்னேன், "மாஸ்டர், ஸ்குவாட்டு போடறேன்." "வேணாம், போ, ஸ்பிளிட்டு"ன்னாரு. "ரெண்டு தடவ உங்க பேச்ச கேட்டேன், இன்னா ஆச்சு?"ன்னேன். "இப்ப பேசாத, மேல ஏறு"ன்னாரு. "நீங்க ஒத்துக்கினாதான் ஏறுவேன்"ன்னேன். நஸ்ரின் அந்தாண்ட இருந்து "சங்கவி, டைமு, டைமு"ன்னு கத்தறா. நீ யாருடி என் டைம சொல்றதுக்குன்னு அவளுக்கும் ஒண்ணு குடுத்தேன். திரும்ப மாஸ்டருகிட்ட, பாயிண்டு பாயிண்டா கேட்டேன். கடைசியில, "சரிம்மா, உன் இஷ்டம்"ன்னாரு. தோத்துட்டாரு! மாஸ்டரே தோத்துட்டாரு! நான் மேடை மேல கால் வெக்கறேன், பீ...ன்னு ஊதிட்டான்.

டைம் முடிஞ்சுபோச்சாம்.

எப்படிக்கா முடியும்? அந்தக் கடியாரத்த சீக்கிரமா ஓட விட்டிருக்கான். ராடுல தட்டு மாட்டி முடிக்கறதுக்கு முன்னாடியே தொடங்கிட்டான், நான் அடிச்சு சொல்றேன். கடியாரத்துகிட்ட உக்காந்திருந்த ஆளப் புடிச்சி உலுக்கிட்டேன். மேசையில இருந்த பெரிய மனுசங்க எல்லாம் எந்திரிச்சுட்டாங்க. இந்தப் பொண்ண வெளிய அனுப்புங்கன்னு ஒருத்தரு. என் பக்கம் பேச ஒரு ஆளு இல்ல.

அப்பத்தான் நஸ்ரின் வர்றா. நேரா மேசைக்குப் போறா. "சார், அவ தூக்கவே இல்ல. தூக்காத ஆள ஜெயிச்சுட்டு நான் எப்படி சார் போறது? அவளுக்கு அந்த ஒரு தடவ குடுத்துடுங்க. தூக்கிட்டா அவளே போவட்டும்." அப்புறம் பேசி முடிச்சி, இன்னைக்குத் தேதி குடுத்தாங்க.

இதுல இன்னா பெருமை? எதுக்கு கண்ணு கலங்கறீங்க நீங்க? என்னை பத்து பேரு முன்னாடி பிச்சக்காரி ஆக்கிட்டாக்கா. நான் கேட்டேனா அவள? நான் சண்ட போட்டு வாங்கியிருப்பேன்!

தோ, திரும்ப அடிக்குது. காலையில ஒரு தடவ எடுத்துட்டேன், தப்பு பண்ணிட்டேன். இன்னா சொன்னாரு தெரியுமா? "சங்கவி, ஸ்பிளிட்டு போடறதா இருந்தா சொல்லு, மேடை பக்கத்துல நான் நிக்கறேன். ஸ்குவாட்டுதான்னா நீயே போயி தூக்கிக்கோ, நான் எதுக்க டீக்கடையில டீ குடிச்சிகினு இருக்கேன். உன் கழுத்து மேல ராடு விழறத என்னால பாக்க முடியாது." இப்படி மெரட்டறாரு. யாரும் இல்லாம மேடையில ஏற முடியாதா என்னால? நல்லா ஏறுவேன். எனக்கு ஒண்ணும்... தண்ணி கொஞ்சம் குடுங்க. குடிக்க மாட்டேன், வாய் கொப்புளிச்சு ஜன்னல்ல துப்பிடறேன்.

இன்னாக்கா வண்டி நின்னுபோச்சு? காட்பாடி பாலமா? இன்னா இவ்ளோ வண்டி? அண்ணா, கண்டக்டர் அண்ணா, முன்னாடி இன்னா ஆச்சு? லாரியா? எவ்ளோ நேரம் ஆவும்? மூணு மணிக்கு எடை பாக்கணும்ணா எனக்கு! உங்களத் தப்பு சொல்லலண்ணா, கேட்டேன், கேக்கக் கூடாதா? சரி, நகருது. மெதுவாவாவது நகருதே.

நீங்களும் மாஸ்டரு மாதிரியே பேசறீங்க. "அவரு சொல்றத ஒரு தடவ கேட்டாதான் இன்னா"வா? கேட்டு கேட்டுத்தான் இந்த கதியில கீறேன். இருங்க, உங்களுக்குப் புரியல. காட்டறேன். நடுவுல கொஞ்சம் வழி விடுங்கண்ணா. தோ, முன்னாடி பாத்து நிக்கறேன். ரெண்டு கையும் மேல, ராடு கீதுன்னு நெனச்சிக்கோங்க. ரெண்டு காலும் சமமா. கம்பி புடிக்கல பாருங்க, வண்டி ஓடிகினுதான் கீது. ஆடறேனா? அசையறேனா? இப்படி நிக்கறவள யாராலயாவது...

அம்மா!

டிரைவரு! ஏய்யா, கண்ணு தெரியல? நின்னுகினு இருக்கற வண்டி பின்னால போயி இப்படியா அடிப்பாங்க பிரேக்கு? இன்னும் ரெண்டு அடி போயிருந்தா கண்ணாடிய ஒடச்சிகினு லாரிக்குள்ள போயிருப்பேன்!

எனக்கு ஒண்ணும் ஆவலக்கா. விழலியே. நின்னுட்டேன்ல? கை கூட எறக்கல பாருங்க. சொன்னேன்ல...

இன்னா? எங்க பாக்கறீங்க?

காலா?

இது... இது பஸ்ஸுக்கா. பஸ்ஸு வேற, மேடை வேற. பஸ்ல எல்லாரும்தான் ஒரு கால முன்னாடி வெப்பாங்க. இருங்க. எந்தக் கால் இது? இடது தானே? இல்ல, நீங்க உக்காந்துகினு சொல்றீங்க, உங்களுக்கு மாறி தெரியும். கயிறு கட்டின கை இடது. அப்போ இது...

வலது.

எரும வந்தப்பவும் இதே காலா? மெய்யாலுமா? அதுக்குத்தான் சிரிச்சீங்களா? வாய தொறந்து சொல்றதுக்கு இன்னாக்கா உங்களுக்கு? நான் எங்க உங்கள பேச விடலியா? இன்னா பேச்சு இது!

ஒரு வருஷம்க்கா. ஒரு வருஷமா தப்புக் கால்ல நிக்க வெச்சிருக்காரு அந்த மனுசன்! கோச்சாம் கோச்சு. ஒரே ஒரு தடவ தள்ள வெச்சுட்டு விட்டுட்டாரு பாருங்க. நான் கால் வெக்கலன்னா? வெக்கலன்னா இன்னொரு தடவ தள்ள வேண்டியதுதானே! தையல் போட்டா இன்னா, தையல் பிரிச்சப்புறம் தள்ள வேண்டியதுதானே! இதக்கூட நானே சொல்லித் தரணுமா?

பைய குடுங்க. எறங்கப் போறேன். இந்த வண்டி இனி நகராது, பாலத்து அந்தாண்டதான் செலக்சன் நடக்கற செட்டு, ஓடினா எடைக்குப் போயிடலாம். அண்ணா, கதவத் தொறங்க. ஸ்டாப் இல்லன்னா? நின்னுகினுதானே கீது வண்டி, எறங்கினா இன்னா, ரோடு தேஞ்சிடுமா?

அக்கா. நீங்களும் ஒரு நிமிஷம் எறங்குங்களேன். ஒரே நிமிஷம். கடலைய சீட்டுல வெச்சிட்டு வாங்க, யாரும் தின்னுட மாட்டாங்க. இங்க, இந்த ஓரத்துல. ரெண்டு தடவயும் பிரேக்கு, பிரேக்க நம்ப முடியாது. நான் திரும்பி நிக்கறேன். பின்னாலருந்து ஒரு தள்ளு தள்ளுங்க. பயப்படாதீங்க, நல்லா தள்ளுங்க. எப்ப தள்ளப் போறீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. சொன்னா எனக்கு... சொல்லாதீங்க, அவ்ளோதான்.

திரும்ப அடிக்கிறாரு. இருங்க, எடுத்துடறேன். ஹலோ. ஆமா மாஸ்டர், சங்கவிதான். எங்கயும் போவல, பாலத்து மேலதான் கீறேன். முடிவா? கொஞ்சம் லைன்ல இருங்க. கம்முனு லைன்ல இருங்கன்றேன்ல! ஒரு அக்கா என்ன தள்ளப் போறாங்க. எந்த அக்காவா? எனக்கு இன்னா தெரியும், பஸ்ல வந்த அக்கா. மாஸ்டர், நீங்க மட்டும் அன்னைக்கு ஒழுங்கா...

அய்யோ!

...

மாஸ்டர். வலது.

வலது கால்ன்றேன். என்னோட காலு வலது கால். இன்னா சிரிப்பு உங்களுக்கு? சிரிக்காதீங்க, வந்து பேசிக்கறேன் உங்கள, நெறைய கீது பேசறதுக்கு. டீ சொல்லிட்டீங்களா? சொல்லியிருந்தா இருக்கட்டும், அப்புறம் குடிக்கலாம். நீங்க உள்ள போயி நில்லுங்க.